வாசகர் கேள்வி – பதில்: ஏழைகளைத் தேடிப் போனவர்கள்

செப்டம்பர் 27 புனித வின்சென்ட் தே பவுல் திருநாள். அதையொட்டி, ஏழைகளுக்காகவே வாழ்ந்த புனிதர்களையும் துறவறச் சபைகளைத் தொடங்கியவர்களையும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். சேலம் டவுனிலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் கடிதங்கள் நிறைய வந்தன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர். என் பதில்களில் இரண்டு வேலையின் வாடையும் இருக்கும்.

கேள்வி: கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் காசு போடுகிறேன். அவர் யார்? அவருக்கு முன்னால் ஏழைகளுக்கு யாரும் உதவவில்லையா?
– குடும்பத் தலைவி, சூரமங்கலம்

பதில்: உதவினார்கள், அம்மா. உதவுகிற மனசு எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. வின்சென்ட் கவனித்தது வேறொன்றை.

1581-ல் தெற்கு பிரான்சில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 19 வயதிலேயே குருப்பட்டம் பெற்றார். நல்ல வருமானமுள்ள பதவியாகப் பிடித்து வீட்டாரைக் கரையேற்றவேண்டும் என்பதுதான் இளமையில் அவருக்கிருந்த ஆசை. 1617-ல் ஷத்தியோன் என்ற சிற்றூருக்குப் பங்குத்தந்தையாகப் போனார். ஒரு ஞாயிறு, பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கும்போது சேதி வந்தது: ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அத்தனை பேரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள், பக்கத்தில் ஆளில்லை. பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். பிற்பகலில் தானே பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் வழியெல்லாம் கூட்டம். ஊரே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வெயில் தாங்காமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். வின்சென்டுக்குக் கவலை வந்தது. இவ்வளவையும் அந்த நோயாளிகள் இன்றைக்கே சாப்பிட முடியாது. பாதி கெட்டுப்போகும். நாளை மறுநாள் அவர்கள் மறுபடியும் பட்டினி. இரக்கம் ஏராளம், ஒழுங்கு இல்லை. சில நாளிலேயே ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு முறை வைத்தார்: இன்று யார், நாளை யார்.

அவர்களுக்காக அவர் எழுதிய விதிகளை நான் ஒரு செவிலியராகத்தான் படிக்கிறேன். நோயாளியை முகமலர்ச்சியோடு விசாரி. படுக்கையில் தட்டை வைத்துத் துணி விரி. அவர் கையைக் கழுவிவிடு. இறைச்சியை நறுக்கிக் கொடு. அதோடு இன்னொன்று: துணைக்கு ஆள் இருக்கிற நோயாளியிடம் முதலில் போ, தனியாக இருப்பவரை கடைசியாக வை, அவரோடு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வார்டில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும். எழுதி நானூறு வருடம் ஆகிறது.

பிறகு 1633-ல், கணவரை இழந்து ஒரு மகனோடு இருந்த லூயிஸ் தே மரியாக் என்ற பெண்மணியோடு சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். அதுவரை கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள் இருக்கவேண்டும். இவர்களுக்கோ நோயாளியின் வீடுதான் மடம், ஊர்த் தெருதான் தாழ்வாரம் என்று வின்சென்ட் சொன்னார். முதலில் வந்து சேர்ந்தவர் மார்கரித் நாசோ, மாடு மேய்த்த பெண். அரிச்சுவடி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, மேய்ச்சல் வழியில் போகிறவர்களை நிறுத்தி ‘இது என்ன எழுத்து’ என்று கேட்டுக் கேட்டே படிக்கக் கற்றவர். பிறகு ஊர் ஊராய்ப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொள்ளைநோய் கண்ட ஒருத்திக்குத் தன் படுக்கையில் இடம் கொடுத்து, அந்த நோயிலேயே 1633-ல் இறந்தார். இவருக்குப் பீடம் கிடையாது. என் கணக்கில் புனிதைதான்.

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புனிதர்கள் என்றாலே வயதான துறவிகள்தானா? என் வயதில் யாரும் இல்லையா?
– மாணவர், மாமாங்கம்

பதில்: இருக்கிறார்கள் தம்பி. உங்கள் துறையிலேயே ஒருவர் இருக்கிறார், அவரைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓசானாம்.

1832-ல் பாரிஸ் நகரத்தில் காலரா ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. அடுத்த வருடம் கல்லூரி மாணவர்களின் விவாதக் கூட்டம் ஒன்றில், ‘உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் பெரிய காரியமெல்லாம் செய்தது சரி, இன்றைக்கு என்ன செய்கிறது?’ என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டார். ஃபிரெடரிக் ஓசானாமுக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. 1833 ஏப்ரல் 23, அவருடைய 20-வது பிறந்த நாள். அன்று சில நண்பர்களும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் கூடினார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையின் முதல் கூட்டம் அதுதான்.

ஆர்வம் இருந்தது; எந்த வீட்டுக்குப் போவது, போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ரோசலி ரெந்து என்ற சகோதரியிடம் போனார்கள். வின்சென்ட் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவர்; பாரிசின் மிக வறிய பகுதியில் வாழ்நாளைக் கழித்தவர். அவர்தான் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார், ரொட்டிக்கான சீட்டைக் கொடுத்தார், ஏழை வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தார். பையன்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஓசானாம் பின்னர் சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகளுக்குத் தகப்பனானார், 40 வயதில் இறந்தார். 1997-ல் அருளாளர் பட்டம்.

உங்கள் துறைக்காரர் பியர் ஜார்ஜோ ஃபிராசாத்தி. இத்தாலியில் தூரின் நகரம். அப்பா பெரிய பத்திரிகை அதிபர். பையன் சுரங்கப் பொறியியல் படித்தார், சுரங்கத் தொழிலாளர்களோடு இருக்கவேண்டும் என்பதற்காகவே. மேக்னசைட் சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. மலையேறுவதில் பைத்தியம். படிக்கும்போதே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து வீடு வீடாகப் போனார். வீட்டாருக்கு அது பெரிதாகத் தெரியாது. 1925-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஆறே நாளில் போய்விட்டார், வயது 24. சாவதற்கு முந்தைய நாள், கை வாதத்தில் செயலிழந்துகொண்டிருக்கும்போது, நண்பருக்குக் கிறுக்கலாக ஒரு சீட்டு எழுதினார்: இந்த ஊசிமருந்து இன்ன நோயாளிக்கு, இந்த அடகுச் சீட்டு இன்னாருடையது, கெடு முடிவதற்குள் என் கணக்கில் புதுப்பித்துவிடுங்கள்.

அடகுச் சீட்டு கெடு தவறினால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று செவ்வாய்ப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரணப் படுக்கையில் அதை நினைவு வைத்திருந்த பிள்ளை அவர். சவ ஊர்வலத்தில் தெரு நிறைய ஏழைகள் நின்றதைப் பார்த்துத்தான் பெற்றவர்களுக்கே விஷயம் புரிந்தது. 2025 செப்டம்பர் 7-ல் திருத்தந்தை லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

உங்கள் பங்கில் சபை இருந்தால் வாரக் கூட்டத்துக்கு ஒரு முறை போய் உட்காருங்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்களே இருப்போம். உங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவோம்.

கேள்வி: அருளாளர் என்பதற்கும் புனிதர் என்பதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: முதலில் இறை ஊழியர், பிறகு வணக்கத்துக்குரியவர், பிறகு அருளாளர், கடைசியில் புனிதர். மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக, உயிர் விடாதவர் என்றால் அருளாளராக ஒரு புதுமையும் (அற்புதமும்), புனிதராக இன்னொரு புதுமையும் விசாரித்து உறுதி செய்யப்படவேண்டும். பொதுவாக இறந்து ஐந்து வருடம் கழித்துத்தான் விசாரணையைத் தொடங்குவார்கள். அன்னை தெரேசாவுக்கு அந்த விதி தளர்த்தப்பட்டது.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை செய்கிறவர்கள். மலையில் இருக்கும் பெரிய கத்தோலிக்கப் பள்ளிகளின் வாசலில் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறோம். அந்தச் சபைகள் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டவை என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். நிஜமா? எங்கள் பெண்ணை அங்கே படிக்க வைக்க முடியுமா?
– எஸ்டேட் தொழிலாளி, ஏற்காடு

பதில்: நிஜம். தொடங்கியவர்களின் கதையைச் சொல்கிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. அதை நடத்தும் சகோதரர்களின் ஆதி மூலவர் லூயி மரிய மான்ட்போர்ட். 1673-ல் பிறந்து 43 வயதில் இறந்த பிரெஞ்சுக் குரு. புவாத்தியே நகரத்தில் கதியற்றவர்களை அடைத்து வைத்திருந்த விடுதியில் ஆன்ம குருவாக இருந்தார். அங்கே நேரத்துக்குச் சோறு கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தெருத்தெருவாகப் போய்க் கேட்டுச் சேர்த்துக்கொண்டு வந்தார். தினான் என்ற ஊரில் ஒரு ராத்திரி, புண்ணோடு தெருவில் கிடந்த ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தாம் தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘இயேசு கிறிஸ்துவுக்குக் கதவைத் திறங்கள்’ என்று கத்தினார். திறந்ததும் தம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்.

ஏற்காட்டுக் கான்வென்ட் சகோதரிகள் குளூனி புனித சூசையப்பர் சபை. தொடங்கியவர் அன்னை அன்ன மரிய ஜவுஹே. இவரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம்.

1779-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், சின்னப் பெண்ணாக இருக்கும்போதே, தேடப்பட்ட குருக்களை ஒளித்து வைத்தவர். 1807-ல் சபையைத் தொடங்கினார். கூடப்பிறந்த தங்கைகள் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். 1822-ல் தாமே ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனார். ஆப்பிரிக்கர்களுக்கு அவர்கள் இனத்துக் குருக்களே வேண்டும் என்று பையன்களை பிரான்சுக்கு அழைத்துப் படிக்க வைத்தார்; அவர்களில் மூவர் 1840-ல் குருப்பட்டம் பெற்றார்கள். கறுப்பர்களை மனிதராகவே எண்ணாதவர்கள் நிறைந்திருந்த காலம் அது. 1827-ல் அவருடைய சகோதரிகள் புதுச்சேரியில் வந்து இறங்கினார்கள். ஏற்காடு வரை வந்தது அந்த வழிதான்.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா. அங்கே மானா என்ற இடத்தில் அவர் செய்த வேலைதான் பெரிது. சட்டத்துக்கு விரோதமாக அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட சுமார் 500 ஆப்பிரிக்கர்களை அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது, சுதந்திர வாழ்க்கைக்குத் தயார் செய்யுங்கள் என்று. ஒரு நாள் சங்கிலியை அறுத்துவிட்டு ‘போ’ என்று சொல்லிவிடுவது சுலபம். போகிறவருக்கு நிலம் வேண்டும், குடிசை வேண்டும், ஒரு தொழில் வேண்டும், கல்யாணமும் குடும்பமும் வேண்டும். அதற்காக வருடக்கணக்கில் கூடவே இருந்தார். 1838-ல் முதல் விடுதலை நடந்தது. சுற்றியிருந்த தோட்ட முதலாளிகளுக்கு அவர் ஜென்மப் பகையானார். திருச்சபைக்கு உள்ளேயும் பிரச்சினை: சபையின் அதிகாரம் தனக்கே என்று ஓர் ஆயர் தொடுத்த சண்டையில், கயானாவில் சுமார் இரண்டு வருடம் அவருக்கு நற்கருணையே மறுக்கப்பட்டது. அதையும் தாங்கினார், வேலையை விடவில்லை. 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றிலும் அடிமைமுறை ஒழிந்தபோது மானாவில் எந்தக் கலவரமும் இல்லை. 1851-ல் இறந்தார். 1950-ல் அருளாளர்.

இப்போது உங்கள் கேள்விக்கு. தோட்டத்தில் உழைக்கிறவர்களுக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் பெயரைப் பற்றித் தோட்டத்தில் உழைக்கிற நீங்கள் கேட்கிறீர்கள். உங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? கட்டணப் பள்ளியின் வருமானத்தைக் கொண்டு வேறு இடங்களில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது துறவறச் சபைகளில் உள்ள பழைய வழக்கம். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இட ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. கேட்கவே கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பெண்ணையும் அழைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியையை நேரில் பாருங்கள். கட்டணச் சலுகை உண்டா, விடுதி உண்டா, இங்கே முடியாவிட்டால் இதே சபையின் வேறு எந்தப் பள்ளியில் முடியும் என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். இது பிச்சை இல்லை, அந்தச் சபை தன் தாயிடமிருந்து வாங்கிய கடன்.

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் அம்மா தனியாக இருந்து இரண்டு தரம் விழுந்துவிட்டார். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா? சொந்தக்காரர்கள் பாவம் என்கிறார்கள்.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மகளே, முதலில் மருத்துவர் கண்ணோடு பாருங்கள்: ஏன் விழுந்தார்? ரத்த அழுத்த மாத்திரை அதிகமா, கண் புரையா, குளியலறைத் தரை வழுக்குகிறதா? பல விழுதல்களுக்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. அதற்குப் பிறகும் முடியாது என்றால் சேர்ப்பது பாவமில்லை. சேர்த்துவிட்டுப் போகாமலிருப்பதுதான் பாவம்.

முதியவர்களுக்காகவே ஒரு சபையைத் தொடங்கிய புனிதை ழான் ஜுகான். 1792-ல் பிரான்சின் கடலோரக் கிராமம் ஒன்றில் மீனவர் வீட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா கடலோடு போய்விட்டார். சமையல் வேலை, மருத்துவமனை வேலை என்று உழைத்தே நடுவயதைத் தாண்டினார். 1839 குளிர்காலத்தில், கண் தெரியாத, நடக்க முடியாத ஆன் ஷோவேன் என்ற மூதாட்டியைத் தம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இருந்த ஒரே கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பரணில் போய்ப் படுத்தார். பிறகு இன்னொரு பாட்டி, பிறகு இன்னும் பலர்.

வந்த முதியவர்களில் பலர் அதுவரை வீடு வீடாகக் கையேந்திப் பிழைத்தவர்கள். தள்ளாத காலில் மறுபடி அவர்கள் தெருவுக்குப் போகக் கூடாது. ழான் அவர்களிடம் கேட்டது ஒன்றே: ‘உங்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற வீடுகளின் விலாசத்தைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன்.’ கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பணக்காரர் கோபத்தில் அறைந்துவிட்டார். ‘இது எனக்கு. இப்போது என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று அதே இடத்தில் நின்றாராம்.

1845-ல் பிரெஞ்சு அகாதமி அவருக்குப் பரிசளித்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் பதவி பறிக்கப்பட்டுவிட்டது. சகோதரிகள் அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்க, மேற்பார்வையிட்ட லு பாய்யேர் என்ற குரு அதை ரத்து செய்து வேறொருவரை நியமித்தார்; சபையைத் தொடங்கியவர் தாமே என்று பரப்பினார். கடைசி 27 வருடம் தலைமை மடத்தில் ஒரு மூலையில் இருந்தார் ழான். கூட இருந்த இளம் சகோதரிகளுக்கே அவர்தான் நிறுவனர் என்று தெரியாது. 1879-ல் அவர் இறக்கும்போது சபையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சகோதரிகள் இருந்தார்கள். பிறகு ரோமாபுரி விசாரித்து அந்தக் குருவை நீக்கியது. 2009-ல் ழான் புனிதை ஆனார். இந்த அநியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அது அநியாயம் இல்லை என்றாகிவிடாது.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செவிலியராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா? படுத்தே இருப்பவரின் இடுப்பில், குதிகாலில் படுக்கைப் புண் இருக்கிறதா? இரவில் கூப்பிட்டால் யார் வருவார்? அம்மாவிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அவருடைய போர்வை, ஜெபமாலை, பெட்டி கூடவே போகட்டும். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கிழமை தவறாதீர்கள்.

கேள்வி: தொழுநோயாளிகளோடு வாழ்ந்து தானும் அந்த நோயால் இறந்த தந்தை தமியான் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஏன் மருந்து சாப்பிடவில்லை?
– ஆசிரியர், மேட்டூர்

பதில்: மருந்தே இல்லை, ஐயா. பெல்ஜியத்தில் 1840-ல் பிறந்த தமியான், ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்ட மொலோக்காய் தீவுக்கு 1873 மே மாதம் போனார். நான்கு குருக்கள் மாறி மாறிப் போகலாம் என்பதே ஆயரின் திட்டம். முதலில் போன இவர் திரும்பவே இல்லை. வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் பதித்தார், சவப்பெட்டி செய்தார், புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார், அவர்களோடு ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டார். ஒரு நாள் கொதிக்கிற தண்ணீரில் கால் பட்டது. கொப்புளம் வந்தது, வலி வரவில்லை. தமக்கும் வந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டார். 1889 ஏப்ரல் 15-ல் இறந்தார்.

பிள்ளைகளுக்கு மரியான் கோப் சகோதரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழுநோயாளிகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று ஹவாயிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சபைகளுக்குக் கடிதம் போயிற்று. வருகிறேன் என்று 1883-ல் கிளம்பியவர் இவர் ஒருவர்தான். அதற்கு முன் அமெரிக்காவில் மருத்துவமனை நடத்தியவர். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கை கழுவு என்பதில் விட்டுக்கொடுக்காதவர். என்னோடு வருகிற எந்தச் சகோதரிக்கும் இந்த நோய் வராது என்று சொன்னார். 1918-ல் அவர் இறக்கும்வரை ஒருவருக்கும் வரவில்லை. தமியானின் தியாகத்தைச் சொல்லும் பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். மரியான் சகோதரியின் சோப்பைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. இருவரும் புனிதர்கள்தான்.

வகுப்பில் இதையும் சொல்லுங்கள்: 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், தொழுநோய் முழுசாகக் குணமாகும். உணர்ச்சியில்லாத தேமல் உடம்பில் இருந்தால் மறைக்காமல் காட்டவேண்டும்.

கேள்வி: நான் இந்து. அன்னை தெரேசா இல்லங்களில் சரியான வைத்தியம் இல்லை என்றும், சேவையைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்றும் படித்தேன். உண்மையைச் சொல்லுங்கள்.
– நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: நேரடியாகக் கேட்டதற்கு நன்றி, அண்ணா.

வைத்தியத்தைப் பற்றிய குறையில் உண்மை இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழில் 1994-ல் வந்த கட்டுரை, கொல்கத்தா இல்லத்தில் குணமாகக்கூடிய நோயாளியையும் சாகப்போகிறவரையும் சரியாகப் பிரிக்கவில்லை, கடும் வலிக்கு வலுவான மருந்து இல்லை என்று எழுதியது. அங்கே புண்களை அன்போடு கவனித்ததையும் சுத்தத்தையும் அதே கட்டுரை பாராட்டியது. புற்றுநோய் வலியில் துடிப்பவர்களைப் பார்த்தவள் நான். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்று நோயாளி சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. நாம் மார்ஃபின் வாங்கிக் கொடுக்கவேண்டும். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் அந்த மருந்து கிடைப்பது இந்தியாவில் எல்லோருக்குமே கஷ்டமாக இருந்தது, 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். 1952-ல் காளிகாட்டில் அவர் அந்த இல்லத்தைத் திறந்தபோது, அங்கே வந்தவர்கள் நடைபாதையில் கிடந்தவர்கள் என்பதும் கணக்கில் சேரவேண்டும். எனக்கு அவர் மேல் பக்தி உண்டு. அந்தப் பக்தியோடுதான் குறையையும் ஒப்புக்கொள்கிறேன்.

மதம் பற்றி: பசித்தவரிடம் சோற்றுக்கு விலையாக எதையும் கேட்பது பாவம், மதத்தையும்தான். எங்கள் சபையின் விதி மதம் பார்க்காமல் உதவு என்கிறது. நாங்கள் போகிற வீடுகளில் கோட்டை மாரியம்மன் படம் மாட்டிய வீடுகள் உண்டு. ஆடிப் பண்டிகைக்கு அவர்கள் ஊற்றும் கூழை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருவோம்.

கேள்வி: எல்லோரும் வெளிநாட்டுக்காரர்களாகவே இருக்கிறார்களே, தமிழ் மண்ணில் யாரும் தொடங்கவில்லையா?
– வாசகர், சங்ககிரி

பதில்: தொடங்கினார்கள். திருச்சியில் இளம் வயதிலேயே கணவரை இழந்த அன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண் 1858-ல் தொடங்கியதுதான் புனித அன்னாள் சபை. கைம்பெண்ணை வீட்டு மூலையில் உட்காரவைத்த காலத்தில், கைம்பெண்களே கூடி ஊருக்கு உழைத்தார்கள். புதுச்சேரியில் துய்ப்புயி என்ற பிரெஞ்சுக் குரு 1844-ல் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார், பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க. பெண் எழுதப் படிக்கத் தெரிந்தால் குடும்பத்துக்கு இழுக்கு என்று பெரிய குடும்பங்கள் எதிர்த்தன. தமிழ் – பிரெஞ்சு அகராதி தயாரித்தவர்களில் ஒருவரும் அவரே. உலகெங்கும் இருக்கும் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை முளைத்ததும் நம் ஊட்டியில்தான், 1870-களில்.

நீங்கள் இன்னொரு தாளில் கேட்டிருந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி 1623-ல் சேலத்துக்கு வந்தது உண்மை. ஆனால் அவர் வேலை வேறு. இந்த வரிசையில் வரமாட்டார்.

கேள்வி: ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முப்பது பிள்ளைகள். எல்லாரும் விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கையில் காசு கிடையாது. ஏழைகளுக்காக இவர்களால் என்ன செய்ய முடியும்?
– மறைக்கல்வி ஆசிரியை, எடப்பாடி

பதில்: பக்கத்துக் கேரளத்துப் புனிதர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா வழி சொல்லியிருக்கிறார். 1805-ல் பிறந்தவர், 2014-ல் புனிதர் பட்டம். ஒவ்வொரு கோயிலுக்குப் பக்கத்திலும் ஒரு பள்ளி இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டவர். பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட அவர் செய்த ஏற்பாடு பிடி அரிசி: தினமும் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கவேண்டும். நம் பாட்டிமார் வீட்டிலும் இந்த வழக்கம் இருந்ததுதான்.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டப்பா கொடுங்கள். ரேஷன் அரிசியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வண்டும் கல்லும் நீக்கிப் புடைத்துத்தான் கொண்டுவர வேண்டும், நாம் சாப்பிடாததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாதத்தின் கடைசி ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டுங்கள். உங்கள் தெருக்களில் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், ஒருவர் போதும். நான்கைந்து பேராகப் போய்க் கொடுக்கவேண்டும், கூட்டமாகப் போகக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. கொடுத்த கையோடு திரும்பாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்தப் பாட்டி சின்ன வயதில் என்ன வேலை செய்தார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அடுத்த மாதம் யார் போவது என்ற பட்டியலை முதல் மாதமே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தேர்வு மாதங்களில் பிள்ளைகள் வரமாட்டார்கள். அந்த மாதங்களுக்கு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.